தண்டவாளத்தில் இறங்கும் பாட்டு

அவரை எல்லோரும் உறுமல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ குறுக்கே பூனை போனால்கூட நிறுத்தி, அது போய்ச் சேருகிற வரைக்கும் காத்திருக்கிற சாது. உறுமுவது அவருடைய கார். சிக்னலில் மற்ற வண்டிகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்கும்போது, இவர் வண்டி மட்டும் உர்ர், உர்ர் என்று கட்டிப் போட்ட மாடு மாதிரி நிலைகொள்ளாமல் நிற்கும். பக்கத்து வண்டிக்காரர்கள் கண்ணாடியை இறக்கி, என்ன அண்ணே, பந்தயத்துக்குக் கிளம்பிட்டீங்களா என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார். கால் மட்டும் மிதியை விட்டு எழும்பாது.

அதற்குக் காரணம் இருந்தது. அது அந்தக் காலத்துக் கார். ஒரு டாக்டரிடம் டிரைவராக இருந்தவர் இவர். டாக்டர் வேலையை விட்டு ஓய்ந்தபோது, இதை நீயே வைத்துக்கொள், வேறு யாருக்கும் இதன் குணம் புரியாது என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அதுவே அவருக்குப் பிழைப்பு. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். காலையில் வண்டியில் ஏறினதும் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இன்றைக்கும் எல்லோரையும் பத்திரமாக வீடு சேர்த்துவிடு கடவுளே என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார்.

டாக்டர் சொன்ன குணம் இதுதான். அந்த வண்டிக்கு மின்சாரம் கொடுப்பது ஒரு டைனமோ. அது பெல்ட் வழியாக என்ஜினோடு சேர்ந்து சுற்றும். என்ஜின் வேகமாகச் சுற்றினால் டைனமோவும் அள்ளி அள்ளிக் கொடுக்கும். என்ஜின் மெதுவானால் அதுவும் கையை விரித்துவிடும். அப்போது எல்லாப் பாரமும் பேட்டரியின் தலையில் விழும். அந்த பேட்டரிக்கோ தன்னைச் சுமப்பதே பெரும்பாடு. அதனால் வண்டி ஓடும்போது முன்விளக்கு பளிச்சென்று எரியும். நின்றால் அழுது வடியும். ஓடும்போது ஹாரன் ஆளை விலக்கும். நின்றால் சளி பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி கம்மும். மழையில் வைப்பர், ஓடுகிற வரைக்கும் சுறுசுறுப்பாகத் துடைத்துவிட்டு, சிக்னல் வந்ததும் கண்ணாடிக்கு நடுவே தூங்கிப்போகும். திரும்புகிற விளக்கு இரண்டு தரம் கண்சிமிட்டிவிட்டு அப்படியே யோசனையில் ஆழ்ந்துவிடும்.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றே ஒன்றுதான். நின்றாலும் என்ஜினைத் தூங்க விடக்கூடாது. வலது காலின் முன்பாதம் பிரேக்கில், குதிகால் ஆக்ஸிலேட்டரில். கால் ஒன்று, வேலை இரண்டு. பழகிப் பழகி அந்தக் கால் தானாகவே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் குறைந்து பல்பு மங்கினால், மேசைக்கு அடியில் அவர் கால் தரையை மிதிக்கும். அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டால் போதும். "இன்னும் கொஞ்சம் மிதிங்க, மிக்சி ஓடட்டும்" என்பாள்.

அவள் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைத்து, சந்தைத் தெருவில் இருக்கிற துணிக்கடைக்குக் கொடுப்பாள். தினமும் மதியம், மடித்துக் கட்டிய துணி மூட்டையைப் பின் சீட்டில் போட்டுவிட்டு, முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நாள் முழுக்க இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறவர்கள். சேர்ந்து உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவது அந்தக் காருக்குள்தான். நாலு வார்த்தை என்பதுகூடப் பேச்சுக்குச் சொல்வது. ஏனென்றால் ஏறினதும் அவள் முதலில் செய்கிற வேலை, காரில் இருந்த டேப்பை முதலிலிருந்து சுற்றிவிட்டுப் பாட்டைப் போடுவது.

அந்த டேப்புக்குள் ஒரே ஒரு கேசட். பிரார்த்தனைப் பாட்டு. டாக்டர் காலத்தில் உள்ளே போனது, பிறகு வெளியே வர மறுத்துவிட்டது. குச்சியை விட்டு நெம்பிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், கடைசியில் கடவுள் பாட்டுதானே, உள்ளேயே குடியிருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதில் முதல் பாட்டு அவளுக்கு உயிர். கூடவே பாடுவாள். சத்தமாக இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதுதான் அவருக்கு அன்றாடம் கிடைக்கிற சுகம். வேறு யாருக்கும் கேட்காதது அவருக்குள் ஒரு பக்கம் பெருமை, இன்னொரு பக்கம் உறுத்தல். இப்படி ஒரு குரலை ஒரு ஓட்டைக் காருக்குள் பூட்டி வைத்திருக்கிறோமே என்று தோன்றும்.

அந்த உறுத்தலுக்கு ஒருநாள் வழி பிறந்தது. பெண்கள் பாட்டுக் குழு ஒன்று நடத்திக்கொண்டிருந்த பாட்டு டீச்சர், ஜாக்கெட் அளவு கொடுக்க வீட்டுக்கு வந்தாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இவள் தன்னை மறந்து முணுமுணுத்ததைக் கேட்டாள். அடுத்த வாரமே குழுவில் சேர்த்துக்கொண்டாள். கொஞ்ச நாளில், ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று கட்டிய புதுக் கட்டடத்தைத் திறக்கிற விழாவில் அதே பிரார்த்தனைப் பாட்டைப் பாடுவதென்று முடிவாயிற்று. முன்னால் நின்று பாடப் போவது தையல்காரி, பின்பாட்டு மற்றவர்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்தவள், ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அவர்தான் கோத்துக் கொடுத்தார்.

ஆனால் ஒத்திகையில் ஒரு சிக்கல். பாட்டின் நடுவே, 'நீ என் அருகே' என்று ஒரு இடம். எல்லோரும் நேராகப் பாடிக்கொண்டு போகிற அந்த 'அருகே'யில், இவள் மட்டும் இழுப்பாள். வெறும் இழுப்பு இல்லை. குரல் படியிறங்குகிற மாதிரி மெல்லக் கீழே போய், ஒரு கணம் அங்கே உட்கார்ந்து, பிறகு மெல்ல எழுந்து மேலே வரும். டீச்சர் ஆர்மோனியப் பெட்டியில் கட்டையை அழுத்திக் காட்டினாள், கையால் தாளம் போட்டுக் காட்டினாள். இவளும் தலையாட்டிவிட்டுப் பாடுவாள். அந்த இடம் வந்ததும் குரல் மறுபடியும் படியிறங்கிவிடும். கடைசியில் டீச்சர் வருத்தத்தோடுதான் சொன்னாள்: விழாவுக்குள் சரியாகவில்லை என்றால் நர்ஸம்மா முன்னால் நிற்கட்டும். நர்ஸம்மா அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள், குழுவில் இவளுக்குப் பக்கத்தில் நிற்பவள், இவளை அக்கா அக்கா என்று சுற்றி வருகிறவள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் முறையிட்டாள். "நான் சரியாத்தாங்க பாடுறேன். பாட்டே அப்படித்தானே இருக்கு?"

அவருக்கும் அதில் சந்தேகமே இல்லை. எத்தனை வருஷமாகக் கேட்கிற பாட்டு. அந்த இடத்தில் அது இறங்கித்தான் ஏறும். அவர் போய் டீச்சரிடமே சாட்சி சொன்னார். டீச்சர் தன் வீட்டில் இருந்த அதே பாட்டைப் போட்டுக் காட்டினாள். அது நேராகப் போயிற்று. இவர் காதைத் தேய்த்துக்கொண்டு, இது வேறு யாரோ பாடினதாக இருக்கும் டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவ்வளவு நம்பிக்கை.

அந்த வாரம் ரயில்வே கேட்டில் தண்டவாள வேலை என்று பாதையை அடைத்துவிட்டார்கள். மதியம் துணி மூட்டையோடு இரண்டு பேரும் சுற்றுப்பாதை வழியாகப் போனார்கள். அகலமான ரோடு, நிற்க வேண்டிய இடமே இல்லை. வண்டி சீராக ஓடிற்று. பாட்டும் ஓடிற்று. 'அருகே' வந்தது. இவள் வழக்கம்போல் படியிறங்கினாள். பாட்டு இறங்கவில்லை. இவளைக் கீழேயே விட்டுவிட்டு அது பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர் வண்டியை ஓரங்கட்டவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. அவளைப் பாட்டை மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். மறுபடியும் நேராகத்தான் போயிற்று. மூன்றாம் தரம் அந்த இடம் வரும்போது, ஏதோ தோன்றி, மெல்லக் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தார். கிளட்சை மிதித்தார். என்ஜின் சோர்ந்தது. டாஷ்போர்டில் ஓடிக்கொண்டிருந்த குட்டி ஃபேன் சோர்ந்தது. 'அருகே' படியிறங்கியது. கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் மெல்ல எழுந்து வந்தது.

"என் கால்தாம்மா" என்றார் அவர். "பாட்டைக் கெடுத்தது என் கால்தான்."

விஷயம் அவ்வளவுதான். வீட்டிலிருந்து அவள் பாட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பினால், சரியாக அந்த வரி வருகிற நேரத்துக்குத்தான் வண்டி ரயில்வே கேட்டுக்கு வரும். கேட் திறந்திருந்தாலும் தண்டவாளம் தூக்கிப்போடும் என்று, கிளட்சை மிதித்துக்கொண்டு உருட்டியபடிதான் தாண்டுவார். நிற்கிற இடத்தில் எல்லாம் உறுமத் தெரிந்த கால், அங்கே மட்டும் ஓய்வெடுத்துக்கொள்ளும். டேப்புக்கு மின்சாரம் பற்றாமல் பாட்டு தொய்யும். தண்டவாளம் தாண்டி வேகம் எடுத்ததும் நிமிரும். வருஷக்கணக்கில் தினமும் இதே கதை. அவள் கற்றுக்கொண்டது பாடினவரின் பாட்டை அல்ல; டைனமோவின் பாட்டை.

கேட்டதும் அவள் சிரித்த சிரிப்பில் முந்தானையால் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று. அவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவள் ஆசைப்பட்டது இந்த ஒன்று. அதிலும் தன் வண்டி மண்ணைப் போட்டுவிட்டதே என்று நேராக ஒயர்மேனிடம் போனார். கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறவர், பழைய சிநேகிதர். வண்டியின் பானெட்டைத் திறந்து, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, டைனமோ தங்கம், பேட்டரிதான் தாத்தா ஆகிவிட்டது, புதுசுக்குச் சொல்லி வைக்கிறேன், வரக் கொஞ்ச நாள் பிடிக்கும் என்றார். அதுவரைக்கும் என்ன செய்வது என்று கேட்டதற்கு, "அண்ணே, ஊரே உங்களை உறுமல்காரர்னு சொல்லுது. அந்தத் தண்டவாளம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அங்கயும் உறுமுங்க" என்றார்.

கேட் திறந்த நாளிலிருந்து அவர் அப்படியே செய்தார். தண்டவாளம் நெருங்கினதும் முதல் கியரைப் போட்டு, என்ஜினை அலறவிட்டுக்கொண்டு, தட்டுத் தடுமாறித் தாண்டுவார். மூட்டை ஒருபக்கம் உருளும், அவள் தலை கூரையில் இடிக்கும், ஆனால் பாட்டு மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். அவளும் அதோடு சேர்ந்து நேராகப் பாடப் பார்ப்பாள். முதலில் வரவில்லை. தொண்டை பழைய பள்ளத்தைத் தேடிக்கொண்டு போகும். அதனால் பாட்டைக் கேட்பதைவிட்டு அவர் காலைப் பார்க்க ஆரம்பித்தாள். கால் அழுந்துகிற நேரம் குரலை அழுத்திப் பிடித்துக்கொள்வது. அது பிடிபட்டது.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், சீருடை வேலை தலைக்கு மேல். கடைசி ஒத்திகைகளுக்கு அவளால் போக முடியவில்லை. கார் கதை காதுக்கு எட்டியிருந்த டீச்சர், விழா அன்று காலையில் கொஞ்சம் முன்னாலேயே வந்து பாடிக் காட்டு, சரியாக இருந்தால் நீ, இல்லாவிட்டால் நர்ஸம்மா என்று சொல்லி அனுப்பினாள்.

விழா அன்று காலையில் மழை. சாதாரண மழை இல்லை, வானம் பொத்துக்கொண்ட மழை. ரோடு இருட்டிக் கிடந்ததால் விளக்குப் போட வேண்டியிருந்தது. வைப்பர் போட வேண்டியிருந்தது. கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க ஃபேனும் ஓடியது. கிழட்டு பேட்டரிக்கு இது எல்லாம் சேர்த்து ஒரே நாளில். அவள் இஸ்திரி போட்ட புடவையில் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட் வந்தது. மூடியிருந்தது.

சரக்கு ரயில். முடிவே இல்லாத மாதிரி பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. என்ஜின் நின்றுவிட்டால் இந்த பேட்டரியை வைத்துக்கொண்டு மறுபடி கிளப்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். விளக்கை அணைத்தார். ஃபேனை அணைத்தார். வைப்பரை நிறுத்தினார். கண்ணாடிக்கு வெளியே உலகம் கரைந்து ஓடிற்று. கால் மட்டும் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. கடவுளே, இவள் கேட்டது இது ஒன்றுதான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

அவள் டேப்பையும் அணைத்தாள். "அதுக்குப் போற கரண்டும் மிச்சம்தானே" என்றாள். பிறகு பாட்டைத் தானே ஆரம்பித்தாள். மழைச் சத்தம், ரயில் சத்தம், உறுமல். அதற்கு நடுவே முதல் தடவையாகத் துணைக்கு யாருமில்லாமல் பாடினாள். 'அருகே' வந்தது. அவள் அவர் காலைப் பார்க்கவில்லை. நேரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் இம்மி பிசகாமல் நேராகப் போயிற்று.

"வந்துடுச்சு" என்றார் அவர்.

"ம். பேசாம மிதிங்க."

போய்ச் சேர்ந்தபோது விழா ஆரம்பிக்கப் போகிற நேரம். பாடிக் காட்ட ஏது அவகாசம். மேடைக்குப் பக்கத்தில் டீச்சர் தவித்துக்கொண்டு நின்றாள். குழு வரிசையில் நின்றுவிட்டது. முன்னால் நர்ஸம்மா. இவள் ஈரப் புடவையோடு ஓடி வந்ததைப் பார்த்ததும் டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், சரியாயிற்றா என்று. இவள் தலையாட்டினாள். டீச்சர் ஒரு நிமிஷம் இவள் முகத்தையே பார்த்தாள். அதற்குள் நர்ஸம்மா தானாகவே பின்னால் நகர்ந்து இடம் விட்டுவிட்டாள். நகரும்போது இவள் கையைப் பிடித்து, "பயப்படாதீங்கக்கா, நாங்க இருக்கோம்" என்று காதில் சொன்னாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று அப்போது இவளுக்குத் தெரியாது.

முன்வரிசை நாற்காலிகளில் பெரிய மனிதர்கள். உறுமல்காரருக்கு இடம் கிடைத்தது கூடத்தின் கடைசியில், ஒரு தூணுக்குப் பக்கத்தில். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். அங்கிருந்து அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது. அவள் பாட ஆரம்பித்தாள்.

இத்தனை வருஷம் ஒரு சீட்டுக்குள் அடங்கிக் கிடந்த குரல், அந்தக் கூடம் முழுக்க நிரம்பியது. கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு சின்னப் பெண் அழுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அந்த வரி நெருங்க நெருங்க, அவர் வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்தது. 'நீ என்' என்றது குரல். அவர் குதிகாலால் முழு பலத்தோடு மிதித்தார்.

'அருகே' என்று அவள் நேராகப் பாடினாள். நேராக, தெளிவாக, முன்னால் போனாள்.

பின்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் படியிறங்கினார்கள்.

ஒருவர் விடாமல். ஒரே சீராக மெல்லக் கீழே போய், ஒரு கணம் அங்கே உட்கார்ந்து, மெல்ல எழுந்து வந்தார்கள். அசல் அந்த டைனமோ இழுப்பு. தாளம் போட்ட டீச்சரின் கை அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. தையல்காரி ஒரு கணம் கண்ணை அகல விரித்தாள். ஆனால் குரலை விடவில்லை. அவள் முன்னால் போக, மற்றவர்களின் குரல் கீழேயிருந்து எழுந்து அவளைத் தேடிக்கொண்டு வந்து, அடுத்த வரியில் அவளோடு சேர்ந்துகொண்டது. ஒருத்தி கடவுளைப் பக்கத்தில் கூப்பிடுகிற மாதிரியும், தூரத்திலிருந்து பலபேர் அதைக் கேட்டு எழுந்து வருகிற மாதிரியும் இருந்தது. இதைத் திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது. கடவுளுக்கு எது பிடிக்கும் என்று நமக்கு என்ன தெரியும்.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கினதும், மேடைக்குப் பின்னால் நர்ஸம்மா பிடிபட்டாள். விஷயத்தைக் கக்கிவிட்டாள். அக்காவுக்கு அந்த இழுப்பு போகாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். அக்காவின் இடத்தில் நிற்கத் தனக்கு மனசில்லையாம். அதனால் டீச்சருக்குத் தெரியாமல், மதியச் சாப்பாட்டு வேளையில் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் கூடி, குழு மொத்தமும் அந்தத் தப்பைப் பாடிப் பழகியிருக்கிறது. எல்லோரும் சேர்ந்து இழுத்தால் அது தப்பென்று யாருக்குத் தெரியப் போகிறது என்பது அவர்கள் கணக்கு.

"நாங்க கஷ்டப்பட்டு இழுக்கப் பழகினா, நீங்க அதுக்குள்ள திருந்திட்டீங்களேக்கா" என்றாள் நர்ஸம்மா. குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

தையல்காரி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். டீச்சர் முதலில் முறைக்கத்தான் பார்த்தாள். அதற்குள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் வந்து, அந்த நடுவில் குரல்கள் பின்னால் வருகிற இடம் அற்புதம், எப்படி அமைத்தீர்கள் என்று கேட்டுவிட்டார். டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது இவர்களே சேர்ந்து செய்தது என்றாள். பொய் இல்லையே. டாக்டர் போன பிறகு, மேடைக்குப் பின்னால் வந்துவிட்டிருந்த உறுமல்காரர் பக்கம் திரும்பி, இனிமேல் இந்தப் பாட்டை இப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், உங்கள் காருக்கு ஆட்சேபணை இல்லையே என்று கேட்டாள். காரிடம் கேட்டுச் சொல்கிறேன் டீச்சர் என்றார் அவர்.

மழை விட்டிருந்தது. பேட்டரி எதிர்பார்த்தபடியே கைவிட்டுவிட்டதால், பாட்டுக் குழு மொத்தமும் பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியைத் தள்ளியது. ஆஸ்பத்திரி வாசல் தாண்டுவதற்குள் என்ஜின் உயிர் பிடித்து உறுமியது. நர்ஸம்மா கையிலிருந்த சேற்றை உதறிக்கொண்டு, "அடுத்த தடவை பஸ்ல வாங்கக்கா" என்று கத்தியது அவர்கள் காதில் விழுந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஒயர்மேன் கடை. வாசலில் நின்றுகொண்டிருந்தவர் கையைக் காட்டி நிறுத்தி, புது பேட்டரி வந்துவிட்டது, இப்போதே மாட்டிவிடலாம் என்றார். உறுமல்காரர் என்ஜினை அணைக்காமல் மனைவியைப் பார்த்தார்.

"நாளைக்கு மாட்டட்டுமே" என்றாள் அவள்.

அவருக்குப் புரிந்தது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அவள் டேப்பை முதலிலிருந்து சுற்றவில்லை. கொஞ்சமே கொஞ்சம் சுற்றி, எங்கே விட வேண்டுமோ அங்கே விட்டாள். தண்டவாளம் நெருங்கியது. கேட் திறந்திருந்தது. அவர் கிளட்சை மிதித்து, காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து முழுசாக எடுத்துவிட்டு, பழையபடி உருட்டிக்கொண்டு போனார். டேப் தன் வழக்கப்படி படியிறங்கியது. அவரும் கூடவே, தனக்கு வராத குரலில் இறங்கினார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நேராகப் பாடினாள்.

தண்டவாளத்துக்கு நடுவே வண்டி ஏறக்குறைய நின்றேவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். இவரும் பதிலுக்குத் தன் ஹாரனை அழுத்தினார். ஆட்டுக்குட்டிக்குச் சளி இன்னும் தெளியவில்லை. அவள் அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பாட்டு மெல்ல எழுந்து வந்து அவளோடு சேர்ந்துகொண்டது.